எடுத்துப்போட்டன்

எங்கள் வீட்டு ரிவிக்குப் பின்னால் சீட்டுக்கட்டு அளவில் ஒரு பெட்டி இருக்கிறது. ராஸ்பெரி பை 4. காற்றாடி இல்லை, அலுமினிய உறையே சூட்டை வெளியே விட்டுவிடும். சின்னப் பச்சை வெளிச்சம் மட்டும் இல்லாவிட்டால் அது ஓடுகிறது என்றே தெரியாது. வட்டோடு சேர்த்து 6 வாட் அளவில்தான் குடிக்கும். ஆண்டு முழுக்க அணைக்காமல் விட்டாலும் 53 யூனிற். இதே வேலைக்கு முன்பு வைத்திருந்த பழைய கணினி இதைப்போல் பத்து மடங்கு குடித்தது. அதன் இரைச்சலில் அம்மாவுக்கு நித்திரையும் வருவதில்லை.

பெட்டியைச் செய்ததே அம்மாவுக்காகத்தான். அவருக்கு 82 வயது. ஒஸ்லோவின் குளிர்காலத்தில் மூன்று மணிக்கே இருட்டிவிடும், பிறகு அவர் என்ன செய்வார்? பழைய படங்கள், பேரப்பிள்ளைகளின் வீடியோக்கள் எல்லாவற்றையும் ஜெலிஃபின் என்ற இலவச மென்பொருளில் அடுக்கினேன். முதல் மாதம் படாத பாடு. நான்கு யூ.எஸ்.பி வாய்களுக்கும் சேர்த்தே 1.2 அம்பியர்தான் அதனால் கொடுக்க முடியும் என்பதை, வட்டு இரண்டு தரம் நடுவில் விழுந்த பிறகுதான் விளங்கிக்கொண்டேன். தனி மின்சாரமுள்ள இணைப்பான் ஒன்று வாங்கினேன், தீர்ந்தது. படத்தை ஓடஓட வேறு வடிவத்துக்கு மாற்றும் பலமும் அதற்குக் குறைவு. ஆகவே ரிவி நேரே வாசிக்கக்கூடிய எச்.264 வடிவத்துக்கு எல்லாவற்றையும் முன்கூட்டியே மாற்றி வைத்தேன். இவையெல்லாம் ஆறுதலான தொல்லைகள். தேடினால் விடை கிடைத்தது.

விடை கிடைக்காத தொல்லை ஒரு கசெற்றில் வந்தது.

1994இல் கொழும்பில் நடந்த அக்காவின் கலியாணம். நான் போகவில்லை. அப்போது என்னிடம் போய்வரக்கூடிய கடதாசி இல்லை. கசெற்தான் வந்தது, அதைப் பார்த்ததுதான் நான் கலியாணத்துக்குப் போனது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு பையோடு வெளிக்கிட்டார்கள். அல்பங்கள் வீட்டோடு போயின. 1996இல் அப்பா போனார். நடக்கிற, சிரிக்கிற, வேட்டியை இழுத்துச் சரிசெய்கிற அப்பா இப்போது அந்தக் கசெற்றில் மட்டும்தான் இருக்கிறார்.

அக்காவின் கலியாணம் எட்டு வருடத்தில் முறிந்தது. எப்படி முறிந்தது என்பது அவருடைய கதை, இங்கே எழுத மாட்டேன். ரொறொன்ரோவில் இருக்கிறார். பெட்டியைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன அன்று கேட்டார்:

“கலியாணமும் இருக்கோ அதில?”

“ஓம்.”

“அதை அழிச்சுவிடு தம்பி. பிள்ளையள் பாக்கிறது எனக்கு விருப்பமில்லை. நீங்கள் பாக்கிறதும் விருப்பமில்லை.”

அப்பா வரும் இடங்களை மட்டும் வெட்டி வைக்கலாம் என்று நினைத்தேன். அப்பா தெளிவாகத் தெரிவது ஒரே இடத்தில்தான். தாரைவார்க்கும்போது கமரா அவர் முகத்துக்குக் கிட்டப் போகிறது. நாற்பது செக்கன். அதைச் சொன்னேன். “அந்த இடம்தான் எனக்கு வேண்டாம்” என்றார் அக்கா.

கசெற் காலத்தில் இப்படியொரு கேள்வியே வந்திருக்காது. பூஞ்சணம் பிடிக்கும், நாடா சிக்கும், டெக் பழுதாகும். யாரும் தீர்மானிக்காமலே ஒரு விஷயம் மெல்ல மறைந்துபோகும், ஒருவர்மீதும் பழி இராது. அந்தக் கருணையை நான்தான் கெடுத்தேன். ஆறு மணிநேரம் உட்கார்ந்து, ஒரு நாளும் மங்காத கோப்பாக அதை மாற்றினேன். போதாததற்குப் பிரதி வேறு. ஒன்று மேசைக்குள், ஒன்று நண்பன் வீட்டில். மூலத்தில் தவறுதலாக அழிந்தாலும் பிரதியில் அழியாதபடிதான் கட்டளை எழுதியிருந்தேன்.

2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுச் சட்டம், தன்னைப் பற்றியதை அழிக்கும்படி கேட்கும் உரிமையை ஒருவருக்குத் தருகிறது. வீட்டுக்குள் தனிப்பட்ட பாவனைக்கு வைத்திருப்பதற்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது. அந்த வீடியோ ஒரு கொம்பனியிடம் இருந்திருந்தால் அக்கா கடிதம் எழுதியிருக்கலாம். தம்பியிடம் இருப்பதால் அவருக்குச் சட்டம் இல்லை, என் மனம் மட்டும்தான் இருக்கிறது.

என் மனம் எப்படிப்பட்டது? 1981இல் நூலகம் எரிந்த ஊரில் பிறந்த மனம். அழித்தல் என்ற சொல்லே கூசும். சேமிப்பது எங்களுக்குக் கடமை, ஏறக்குறைய வழிபாடு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அக்கா நூலகம் அல்ல. சாம்பலான புத்தகம் ஒன்றும் தன்னை எரிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இவர் உயிரோடிருந்து கேட்கிறார். மறுபக்கத்தில் அம்மாவும் உயிரோடுதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு அந்த நாற்பது செக்கனைப் போடச் சொல்கிறார். மகளுடைய நாள் அதில் இருப்பது அவர் கண்ணில் படுவதில்லை, புருஷனைத்தான் பார்க்கிறார். ஒரே படம் ஒருவருக்கு மருந்தாகவும் ஒருவருக்குக் காயமாகவும் இருந்தால் அது யாருடையது? படத்தில் இருப்பவருடையதா, பார்ப்பவருடையதா? செத்தவருக்கு அதில் பங்குண்டா? பெட்டி என்னுடையது என்பது மட்டும் விடையாகாது என்று தெரிந்தது.

நான் செய்தது இதுதான். பட்டியலில் இருந்து அதை நீக்கினேன், பிள்ளைகள் கண்ணில் இனிப் படாது. கோப்பை வேறொரு மூலையில் வைத்து, அம்மாவின் ரிமோட்டுக்கு மட்டும் வழி விட்டேன். அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன்: “எடுத்துப்போட்டன்.”

எங்கள் மொழி எனக்கு உதவிய விதம் இன்னும் உறுத்துகிறது. எடுத்தல் என்றால் அகற்றுவதும் எடுத்து வைத்துக்கொள்வதும் ஒரே சொல். குற்றமற்ற நன்மை தருமென்றால் பொய்யும் மெய்யின் இடத்தில் நிற்கலாம் என்று வள்ளுவர் வாய்மையில் விட்டுக்கொடுத்திருக்கிறார். பலரும் அந்தக் குறளைச் சொல்லித் தப்பிக்கிறோம், குற்றமற்ற என்ற நிபந்தனையை மறந்துவிடுகிறோம். அம்மாவுக்கு நன்மைதான். அக்காவைப் பொறுத்தவரை குற்றமற்றதா? அவருக்குத் தெரியாமல் இருக்கும்வரைதான் அது நன்மை என்றால், தெரியவந்த நாளில் அது என்ன?

நான்கு மாதம் பொறுத்தேன். பெட்டியில் சத்தமே இல்லை. பழைய கணினியென்றால் இரவில் இரைந்துகொண்டாவது இருந்திருக்கும்.

மார்கழியில் எடுத்து உண்மையைச் சொன்னேன். கனநேரம் அக்கா கதைக்கவில்லை. பிறகு, “அம்மா பாக்கிறவவோ?” என்றார்.

“ஒவ்வொரு வெள்ளியும்.”

“அதில அப்பா எனக்கு ஏதோ சொல்லுவார். கேக்குதோ?”

“இல்லை அக்கா. வீடியோக்காரன் மேல சினிமாப் பாட்டுப் போட்டிட்டான்.”

“நல்லது,” என்றார். அப்பா என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அழி என்றோ வை என்றோ மறுபடி சொல்லவுமில்லை. கதை சமையலுக்கு மாறிவிட்டது.

கோப்பு அந்த மூலையிலேயே இருக்கிறது. நண்பன் வீட்டுப் பிரதியை மட்டும், அவனைக் கேட்டு, போன கிழமை நானே போய் அழித்தேன்.