கோமுகிக்கு அப்பால்

தண்ணீர் எல்லாவற்றையும் சுத்தப்படுத்தும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கோயிலுக்குள் நுழையும் முன் கால் கழுவுகிறோம். சாவு வீட்டுக்குப் போய் வந்தால் தலைக்குக் குளிக்கிறோம். கும்பத்தில் தண்ணீர் நிரப்பி, அதில்தான் தெய்வத்தை எழுந்தருளச் செய்கிறோம். சரி, தண்ணீர் எப்படிச் சுத்தப்படுத்துகிறது? அது கழுவி எடுத்த அழுக்கு எங்கே போகிறது? நான் இரசாயனப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். இந்தக் கேள்விக்கு எங்கள் பாடத்தில் ஒரு பதில் இருக்கிறது. அது லெப்போடு நின்றுவிடாமல் கோயில் வாசல் வரைக்கும் வருவதால்தான் இங்கே எழுதத் தோன்றியது.

முதலில் கொஞ்சம் பாடம், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு தண்ணீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுவும் (தமிழ்ப்பள்ளியில் உயிர்வளி என்று படித்தோமே, அதுதான்) இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் இருக்கின்றன. மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் நின்றிருந்தால் இதை எழுதவும் ஆள் இருந்திருக்காது, படிக்கவும் ஆள் இருந்திருக்காது. அவை 104.5 பாகைக் கோணத்தில் வளைந்து நிற்கின்றன. ஆக்சிஜன் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் மூலக்கூறின் ஒரு முனை லேசாக எதிர்மின் தன்மையும், மறுமுனை லேசாக நேர்மின் தன்மையும் பெறுகிறது. அதனால் ஒவ்வொரு மூலக்கூறும் பக்கத்தில் உள்ளதைப் பிடித்துக்கொள்கிறது. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அமைப்பில் தண்ணீருக்குத் தம்பி மாதிரி. எடையும் தண்ணீரைவிட அதிகம். ஆனாலும் அது மைனஸ் 60 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும். தண்ணீர் 100 டிகிரி வரைக்கும் தாங்குகிறது என்றால், காரணம் இந்தப் பிடிப்புதான்.

இதிலிருந்து வரும் குணங்கள் பல. ஒரு கிராம் இரும்பை ஒரு டிகிரி சூடாக்க 0.45 ஜூல் போதும், தண்ணீருக்கு 4.18 வேண்டும். உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் இருப்பதால்தான் தைப்பூசத்து மத்தியான வெயிலில் காவடி தூக்குகிறவரின் இரத்தம் சட்டென்று சூடேறிவிடுவதில்லை. ஒவ்வொரு கிராம் வியர்வையும் காயும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. சபாவின் டானும் பள்ளத்தாக்கில் 100.8 மீட்டர் உயரத்தில் ஒரு மெராந்தி மரம் நிற்கிறது. அதன் உச்சி இலைக்குத் தண்ணீர் ஏற்ற எந்தப் பம்பும் கிடையாது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருப்பதால் மேலே இலையில் ஆவியாகும் நீர், கீழே உள்ளதைச் சங்கிலி போல இழுக்கிறது. பனிக்கட்டி மிதப்பதால் குளிர்நாட்டு ஏரி மீன்கள் பிழைக்கின்றன என்பதையும் சொல்வார்கள். நம் ஊருக்கு அது அவ்வளவாக ஒட்டாது, விட்டுவிடலாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது கரைக்கும் குணம். உப்பு, சர்க்கரை, யூரியா என்று மின் தன்மை கொண்ட எதைப் போட்டாலும் தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்து, பிய்த்து, தங்களுக்குள் ஏந்திக்கொள்கின்றன. இரத்தம் உணவைக் கொண்டுபோவதும், சிறுநீரகம் கழிவை வெளியே தள்ளுவதும் இப்படித்தான். கவனித்துப் பாருங்கள், இந்த வேலையில் எங்குமே அழிப்பது என்று ஒன்று கிடையாது. கையில் இருந்த அழுக்கு தண்ணீருக்குப் போகிறது, தண்ணீர் அதைத் தூக்கிக்கொண்டு பள்ளமான இடத்துக்குப் போகிறது. நான் சுத்தமாகிவிட்டேன் என்று சொல்லும் அதே நொடியில் எனக்குக் கீழே எங்கோ ஓர் இடம் அதை வாங்கிக்கொண்டிருக்கிறது. தண்ணீருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கத் தெரியாது. சர்க்கரையை ஏந்தும் அதே கையால்தான் சயனைடையும் ஏந்தும்.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவையும் தாராளமாகக் கரைக்கும் தண்ணீர் ஆக்சிஜன் விஷயத்தில் மட்டும் படு கஞ்சம். நம் நாட்டு ஆற்று நீர் ஏறக்குறைய 30 டிகிரியில் இருக்கும். அந்த வெப்பத்தில் ஒரு லிட்டரில் அதிகபட்சம் 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராம் இருக்கிறது. நமக்குக் கிடைப்பதில் 35இல் ஒரு பங்கை வைத்துக்கொண்டுதான் மீன் உயிர் வாழ்கிறது.

ஆற்றுக்குள் உணவுப்பொருள் எதுவும் போனால் பாக்டீரியா அதைத் தின்று பெருகும். தின்னும்போது அந்தக் கொஞ்சநஞ்ச ஆக்சிஜனையும் செலவழித்துவிடும். இந்தச் செலவை அளக்கும் சோதனைக்கு பி.ஓ.டி. என்று பெயர். லெப்பில் 300 மில்லிலிட்டர் போத்தலில் நீரை அடைத்து, 20 டிகிரியில், இருட்டில், ஐந்து நாள் வைத்துவிட்டு எவ்வளவு ஆக்சிஜன் குறைந்தது என்று பார்ப்போம். ஏன் ஐந்து நாள்? பிரிட்டனில் கழிவுநீர் பற்றி ஆராய்ந்த அரச ஆணையம் 1912இல் இதைப் பரிந்துரைத்தது. அந்த நாட்டு ஆற்று நீர் கடலைச் சேர ஐந்து நாளுக்கு மேல் ஆகாது என்பது கணக்கு. அதற்குப் பிறகு கடல் பார்த்துக்கொள்ளும்! நூறு வருஷம் கழித்தும் அதே ஐந்து நாள் கணக்கில்தான் நாமும் போத்தலைத் திறக்கிறோம்.

இப்போது சில எண்கள். வீட்டுக் கழிவுநீரின் பி.ஓ.டி. ஒரு லிட்டருக்கு 200 முதல் 300 மில்லிகிராம். 2009ஆம் ஆண்டின் நம் நாட்டுக் கழிவுநீர் விதிமுறைப்படி, குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேலே ஆற்றில் விடும் நீரில் அது 20ஐத் தாண்டக்கூடாது. செம்பனை ஆலையிலிருந்து வரும் பழுப்புக் கழிவுக்கு ஏறக்குறைய 25,000. நம் தாத்தா பாட்டி காலத்துத் தோட்டங்களின் பக்கத்து ஆறுகள் ஏன் நாறின என்பதற்கு இந்த ஓர் எண் போதும்.

பசும்பாலுக்கு? ஏறக்குறைய 1,00,000.

இந்த எண்ணைப் பாடப்புத்தகத்தில் பார்த்ததும் என் புத்தி நேராகப் பால்குடத்துக்குத்தான் போனது. ஒரு லிட்டர் பால் முழுவதும் ஆற்றில் சேர்ந்தால், 13,000 லிட்டர் ஆற்று நீரில் உள்ள ஆக்சிஜன் மொத்தத்தையும் அது கேட்கும். 500 குடம், குடத்துக்கு ஒரு லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 65 லட்சம் லிட்டர். ஒலிம்பிக் நீச்சல் குளம் இரண்டரைக்கு மேல். ஆறு ஓடும்போது காற்றிலிருந்து மறுபடி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், போகிற வழியிலேயே பாதி மக்கிவிடும், ஆகவே இது மோசமான நிலைக்கான கணக்குதான். ஆனால் மழையில்லாத மாதத்தில் ஒரு சின்ன சுங்கை அந்த மோசமான நிலைக்கு ரொம்பத் தூரத்தில் இருப்பதில்லை.

நான் போகும் ஒரு கோயிலில் அபிஷேகக் குழாய் எங்கே போகிறது என்று ஒரு நாள் பின்தொடர்ந்து பார்த்தேன். கோமுகியிலிருந்து நான்கு அங்குலப் பைப், மடப்பள்ளிக்குப் பின்னால் திரும்பி, மழைநீர்க் கால்வாயில் விழுகிறது. நம் நாட்டில் கழிவுநீர்க் குழாய் வேறு, மழைநீர் ஓடும் லோங்காங் வேறு. முதலாவது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். இரண்டாவது நேரே ஆற்றுக்கு. நிர்வாகத்தில் இருந்த பெரியவர் ஒருவரிடம் பேசினேன். அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார்: “தம்பி, சாமிக்கு ஊத்துற பால் எப்படிய்யா அழுக்காகும்?”

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அவர் சொல்வதில் ஒரு தத்துவம் இருக்கிறது. படைத்த சோறு பிரசாதமாகிறது. ஒரு பொருள் என்ன என்பதை அது எந்த மனத்தோடு கொடுக்கப்பட்டது என்பது தீர்மானிக்கிறது என்று நாம் நம்புகிறோம். நானும் நம்புகிறேன். ஆனால் அந்த மாற்றம் நடப்பது கொடுக்கிறவருக்கும் தெய்வத்துக்கும் நடுவில். கால்வாயில் இருக்கும் கெண்டை மீன் அந்த உறவில் ஒரு தரப்பு கிடையாது. அதுக்குத் தெரிந்ததெல்லாம் மூச்சு முட்டுகிறது என்பது மட்டும்தான். என் மனம் நல்லது என்பது என் செயலை மதிப்பிட உதவலாம். என் செயலின் விளைவை யார் தாங்குகிறார்கள் என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

இதைச் சொன்னதும் “பாலை ஏன் ஊத்தணும், ஏழைக்குக் குடுக்கலாமே” என்று சிலர் கிளம்பிவிடுவார்கள். அந்த வாதத்தில் எனக்குச் சேர விருப்பமில்லை. பிறந்தநாள் கேக்கையும் பட்டாசையும் பற்றி அவர்கள் அப்படிக் கேட்பதில்லை. என் கேள்வி அபிஷேகம் முடிந்த பிறகு ஆரம்பிக்கிறது.

2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கின் சுங்கை கிம் கிம்மில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள்; 111 பள்ளிகளை மூட வேண்டியிருந்தது, ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள். 2020 செப்டம்பரில் ராவாங் அருகே சுங்கை கோங்கில் கலந்த கழிவால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நின்று, கிள்ளான் பள்ளத்தாக்கில் வாளியோடு தண்ணீர் லோரிக்குக் காத்திருந்தது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ராத்திரியில் திருட்டுத்தனமாகக் கொட்டுகிறவனையும் பால்குடம் எடுக்கும் பாட்டியையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். அவன் தெரிந்தே செய்கிறான். இருந்தாலும் தண்ணீர் கொண்டுபோய்விடும் என்ற நம்பிக்கை இரண்டு இடத்திலும் ஒன்றுதான். நம்மிடம் அது இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போய், தண்ணீர் புனிதமானது, அதை எதுவும் கெடுக்க முடியாது என்று ஆகிவிட்டது. சுத்தப்படுத்தும் சக்தி இருப்பதால் அசுத்தமே ஆகாது என்று நினைக்கிறோம். வேதியியல் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது: எந்தக் குணத்தால் சுத்தப்படுத்துகிறதோ, அதே குணத்தால்தான் கெடுகிறது.

நம் பெரியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பூசை முடிவில் கேட்கும் மந்திர புஷ்பம் தைத்திரீய ஆரண்யகத்தில் வருவது. அதில் திரும்பத் திரும்பப் பேசப்படுவது தண்ணீரை அறிவது பற்றி. அதே ஆரண்யகத்தின் அதே முதல் பகுதியில், தண்ணீரில் மலஜலம் கழிக்கக்கூடாது, எச்சில் துப்பக்கூடாது என்ற விதிகளும் இருக்கின்றன. கெடவே கெடாத ஒன்றுக்கு இப்படி விதி போடுவார்களா? பிரதோஷத்தில் சோமசூத்திரப் பிரதட்சிணம் செய்கிறவர்களைப் பாருங்கள். கோமுகி வரை போய், அதைத் தாண்டாமல் திரும்பிவிடுகிறார்கள். வெளியே வரும் நீருக்குக் கூட அவ்வளவு மரியாதை. அந்த மரியாதை மதில் சுவரோடு ஏன் முடிகிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

செய்யக்கூடியது சின்ன வேலைதான். கலந்ததைப் பிரிப்பது கஷ்டம், செலவும் அதிகம். கலக்காமல் வைத்துக்கொள்வது மலிவு. 500 லிட்டர் பால் தனியாக இருந்தால் ஒரு தொட்டிக்குள் அடங்கும். மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டால் அதுவே பல ஆயிரம் லிட்டர் கழிவு. ஆகவே பால் அபிஷேகத்தின்போது மட்டும் கோமுகிப் பைப்பில் ஒரு வால்வைத் திருப்பி, வருவதைத் தொட்டியில் பிடித்து, தென்னைக்கும் வாழைக்கும் உரமாக மக்க வைக்கலாம் என்று ஒரு படம் வரைந்து கொடுத்தேன். “குருக்களைக் கேக்காம எதுவும் முடியாது தம்பி” என்றார் பெரியவர்.

குருக்கள் படத்தைப் பார்த்தார். பி.ஓ.டி. கணக்கை நான் ஆரம்பிக்கும் முன்பே கையைக் காட்டி நிறுத்திவிட்டார். “நிர்மால்யம் கால்ல மிதிபடக் கூடாது. இத்தனை நாளா லோங்காங்ல போச்சுன்னா அது எங்க கவனத்துக்கு வந்திருக்கணும். தொட்டி வையுங்க” என்றார். அப்புறம், வால்வை யார் திருப்புவது, நாற்றம் வருவதற்குள் தொட்டியை எந்த நாளில் யார் காலி செய்வது என்று கேட்டார். இளைஞர் பிரிவில் இதுவரை மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பங்குனி உத்திரத்துக்கு ஆறு பேராவது வேண்டும்.