எல்லை பிரிக்காத தோழமை

புதுதில்லி சாணக்யபுரியின் நடுவே ‘சாந்தி பத்’ என்னும் அகன்ற சாலை செல்கிறது. அமைதியின் பாதை என்பது அதன் பொருள். பிரிட்டன், நெதர்லாந்து, பாகிஸ்தான் ஆகிய நாடுகளின் தூதரகங்கள் அப்பகுதியில் உள்ளன. 1948-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியாவோடு அரையிறுதியை எட்டியவையும் இம்மூன்று நாடுகளே.

ஆகஸ்ட் 12 அன்று இறுதி ஆட்டத்தில் பிரிட்டனை 4-0 என்று வென்று, சுதந்திர இந்தியா தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றது. நான்காம் இடம் பெற்ற பாகிஸ்தான் அணியின் தலைவர் அலி இக்திதார் ஷா தாரா. அவர் யார்? 1936-இல் பெர்லினில், தியான் சந்தின் தலைமையில், இந்தியாவுக்குத் தங்கம் வென்று தந்த அணியில் ஆடியவர்! தேசப் பிரிவினை, ஒரே அணியாக விளங்கியவர்களை இரு கொடிகளின்கீழ் நிறுத்திவிட்டது.

அன்று தங்கம் வென்ற கிரகநந்தன் சிங், லாகூரில் படித்து ஆடியவர். ‘நந்தி’ என்று அன்போடு அழைக்கப்பட்டவர். பிரிவினையில் பிறந்த மண்ணையும் உயிர்த்தோழரையும் விட்டு வந்தார். 1952-இல் ஹெல்சிங்கியில் மீண்டும் தங்கம் வென்றார். ஆனால் ஆறு பதிற்றாண்டுகள் கடந்து, பக்கவாதம் அவரைத் தாக்கிய முதுமையிலும், எல்லைக்கு அப்பாலிருந்த அந்த நண்பரின் நினைவு அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. மகள் பானி சிங் தந்தையின் வேர்களைத் தேடிப் பாகிஸ்தான் சென்றார். அந்தப் பயணமே ‘தாங்க்’ என்னும் ஆவணப்படமாயிற்று. பஞ்சாபி மொழியில் அச்சொல்லுக்கு ‘ஏக்கம்’ என்று பொருள்.

இரண்டு தங்கப் பதக்கங்கள் தீர்க்காத ஏக்கம் அது! காரணம் என்ன? பதக்கம் ஒரு நாளின் பலன். தோழமையோ பல நாள் தியாகத்தின் விளைவு. பந்தைத் தானே வைத்துக்கொள்ள விரும்புகிறவன் தனி ஆட்டக்காரன். அதை அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டு, கோல் அவன் கணக்கில் சேர்வதைக் கண்டு மகிழ்கிறவனே அணியைச் சேர்ந்தவன். அந்தக் கணத்தில் ‘நான்’ என்னும் சிறு வட்டம் விரிந்து ‘நாம்’ ஆகிறது. பலனைத் துறந்து செயலாற்றுதல் என்று கீதை போதிப்பதை, விளையாட்டு வீரன் புல்வெளியிலேயே பயில்கிறான்.

குருக்ஷேத்திரத்தில் எதிரணியிலும் தன் உறவினரைக் கண்டு அர்ஜுனன் கலங்கினான். கடமையைக் கைவிடுமாறு கண்ணன் கூறவில்லை. பகையைக் கைவிடுமாறே கூறினான். நண்பனிடத்தும் பகைவனிடத்தும் சமநோக்கு உடையவனே தனக்குப் பிரியமானவன் என்று பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அருள்கிறான். தன் நாட்டுக்காக முழு ஆற்றலோடு ஆடுவது கடமை. எதிரே நிற்பவனும் ஒருநாள் தனக்குப் பந்தைத் தள்ளியவன் என்பதை மறவாதிருப்பது தர்மம்.

சாந்தி பத்தில் கொடிகள் தனித்தனியே பறக்கின்றன. அவற்றை அசைக்கும் காற்று ஒன்றே. உடன் ஆடியவனை இறுதிவரை நெஞ்சில் தாங்கியவன் அந்த ஒருமையை அறிந்தவன் ஆகிறான்.