லட்சுமி வந்தால் சாப்பாட்டு நேரம்

(ஜீவனஹள்ளியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஜீவனஹள்ளி என்ற ஊர்ப்பெயரே எனக்குப் பிடித்துப்போயிற்று. ஹள்ளி என்றால் கன்னடத்தில் சிற்றூர். ஜீவனம் நமக்கும் சொந்தமான சொல்தான்: பிழைப்புக்கும் அதுவே, உயிர்வாழ்வதற்கும் அதுவே. இங்கே நடந்து வருகிற வழியில் ஆட்டோவுக்கு அடியில் ஒன்று, பூக்கடைப் படியில் ஒன்று என்று நாலு ஜீவன்கள் சுருண்டு படுத்திருந்தன. ஒன்றாவது எனக்கு வழிவிட வேண்டுமே! நான்தான் சுற்றிக்கொண்டு வந்தேன்.

பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் மனிதர் உயர்திணை, ஆடு மாடெல்லாம் அஃறிணை. திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் அந்த இலக்கணம் செல்லாது. பகவான் ரமணர் ஆசிரமத்து நாயையும் பசுவையும் ‘அது’ என்று சொல்ல மாட்டார். அவன், அவள்தான். பையன்களுக்குச் சோறு ஆயிற்றா என்று அவர் கேட்டால், புதிதாக வந்தவர் பையன்கள் எங்கே என்று தேடுவார். அவர் விசாரித்தது நாய்களை! முதல் பந்தி அவர்களுக்கு, அப்புறம் பிச்சைக்காரர்களுக்கு, பக்தர்களுக்குக் கடைசியில்தான்.

1926-ல் குடியாத்தம் பக்கத்துக் குமாரமங்கலத்திலிருந்து ஓர் அன்பர் தாய்ப்பசுவோடு ஒரு கன்றையும் ஆசிரமத்துக்குக் கொண்டுவந்தார். அதுதான் லட்சுமி. பாருங்கள், நானே ‘அது’ என்று சொல்லிவிட்டேன். அவள்தான் லட்சுமி. அப்போது ஆசிரமத்தில் மாடு பராமரிக்க வசதியில்லை. ஊருக்குள் ஒருவர் வீட்டில் விட்டார்கள். வழி பழகியதும் காலையில் தானாகவே ஆசிரமத்துக்கு வருவாள், சாயங்காலம் தானாகவே திரும்புவாள். 1930-ல் ஆசிரமத்துக்கே வந்துவிட்டாள். மத்தியானம் சாப்பாட்டு வேளைக்கு ஹாலுக்குள் நுழைந்து பகவானைக் கூட்டிக்கொண்டு போவாள். ஏதோ வேலையில் நேரம் தப்பிவிட்டால், லட்சுமி வந்து நின்ற பிறகுதான் வேளை ஆனதே ஞாபகம் வரும். நமக்கும் செல்போனில் மணியடிக்கிறது. அடித்ததும் அணைத்துவிட்டுத் திரும்பப் படுக்கிறோம். லட்சுமியை அப்படி அணைக்க முடியுமா?

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பேரன் ஊரில் இல்லை, அவனுடைய நாயை நடத்திக்கொண்டு போகும் பொறுப்பு என் தலையில். ஒரு கையில் சங்கிலி, இன்னொரு கையில் போன். ஒரு வீட்டுக் கேட் முன்னால் நின்றவன் நகரவே இல்லை. ‘வாடா’ என்று இழுத்தேன், நாலு காலையும் ஊன்றிக்கொண்டான். அப்போதுதான் தலை நிமிர்ந்து பார்த்தேன். பூட்டிய வீடு. தினமும் அவனுக்கு பிஸ்கட் போடுகிற பாட்டி மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். கேட்டின் கம்பி இடுக்கில் மூக்கை விட்டு, காதைத் தூக்கிக்கொண்டு நின்றான். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு உடம்பை ஓர் உதறு உதறிவிட்டு அடுத்த விளக்குக் கம்பத்துக்குப் போய்விட்டான். அந்தத் தெருவில் மாதக்கணக்காக நடக்கிறேன், அந்த வீடு பூட்டியிருந்தது எனக்குத் தெரியாது.

பிராணிகளுக்கு நேற்றும் இல்லை, நாளையும் இல்லை, இந்தக் கணம் மட்டும்தான் என்று பலர் பேசுகிறார்கள். அவர்கள் நாய் வளர்த்தவர்களாக இருக்க முடியாது. அவனுக்கு அந்தப் பாட்டி நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் நின்றபோது முழுசாக நின்றான், கிளம்பியபோது முழுசாகக் கிளம்பினான். என்னை மாதிரி கால் ஒரு தெருவிலும் மனசு இன்னொரு தெருவிலுமாக நடக்கவில்லை.

‘சுவாமி, நாய் வளர்ப்பது பற்று ஆகாதா?’ என்று ஓர் அன்பர் என்னிடம் கேட்டார். பத்திரகிரியாரை மனதில் வைத்துத்தான் கேட்டிருப்பார். இரண்டு துறவிகள்: திருவிடைமருதூரில் ஒரு கோபுர வாசலில் பட்டினத்தார், இன்னொன்றில் பத்திரகிரியார். பத்திரகிரியாருக்குத் திருவோடு ஒன்று, கூடவே ஒரு நாய். பிச்சை கேட்டு வந்தவனிடம் பட்டினத்தார், ‘அந்த வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போ’ என்றாராம். பத்திரகிரியார் ஓட்டை வீசி எறிந்தார். அது நாயின் மேல் பட்டு, நாய் செத்தது. துறவின் பெருமைக்காக இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு தடவையும் மனசு அந்த நாயிடமே போய் நிற்கும். துறக்கிற வேகத்தில் எறிகிற இடத்தைப் பார்க்கவில்லையே! அந்த நாய் காசிராஜன் மகளாகப் பிறந்து அவரையே தேடி வந்ததாகக் கதை மேலே போகிறது. ஆகவே கதைக்கும் அந்தக் கணக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

அதே தமிழ்நாட்டில், 1948 ஜூன் 18. லட்சுமிக்கு முடிவு நெருங்கிவிட்டது. காலை பத்து மணிக்கு பகவான் கொட்டிலுக்கு வந்தார். தரையில் உட்கார்ந்து அவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டார். கண்ணோடு கண் பார்த்தார். ஒரு கை அவள் தலைமேல், இன்னொரு கை நெஞ்சின் மேல். கன்னத்தோடு கன்னம் வைத்துப் பேசினார். அவர் எழுந்து போன பிறகும் அவள் நினைவு தப்பாமலே இருந்தாள், பதினொன்றரைக்கு அடங்கினாள். மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும் ஏற்கெனவே சமாதி இருந்த இடத்தின் பக்கத்திலேயே சகல கிரியைகளோடு அவளை அடக்கம் செய்தார்கள். கல்லில் பொறிக்க பகவானே வெண்பா எழுதிக் கொடுத்தார். கிரிவலம் போகிறவர்கள் ஆசிரமத்துக்குள் போய்ப் பார்க்கலாம், நாலும் வரிசையாக இருக்கின்றன.

வீட்டுக்குப் போனதும் வாசலில் வாலாட்டிக்கொண்டு ஒருவன் நிற்பான், இல்லையென்றால் காலைச் சுற்றிக்கொண்டு ஒருத்தி வருவாள். போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். அவர்கள் தட்டில் சோறு வையுங்கள். சாப்பிட்டு முடிக்கிறவரை பக்கத்தில் சும்மா உட்காருங்கள். அப்புறம் உங்கள் தட்டை எடுங்கள்.