சான்று எங்கே?

தொழிற்சாலையில் என் வேலை சோதிப்பது. ஒரு சில்லு சரியாக ஓடுகிறது என்று யார் சொன்னாலும் நம்பக்கூடாது. அளந்து பார்த்த பிறகுதான் கையெழுத்து. இதே பழக்கத்தை மனிதர்களிடமும் காட்டியிருக்கிறேன் என்பது, பதின்ம வயதினருக்கான ஒரு மாயப்புனைவை வாசித்தபோதுதான் உறைத்தது.

ஏய்டன் தாமஸின் 'செமட்டரி பாய்ஸ்' 2020இல் வெளிவந்தது. எழுதியவர் லத்தீன் அமெரிக்க வம்சாவளித் திருநர். கதை கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் நடக்கிறது. யாட்ரியலின் குடும்பத்தில் ஆண்கள் ஆவிகளை மறுமைக்கு அனுப்புவார்கள். அவர்கள் ப்ரூஹோ. பெண்கள் காயம் ஆற்றுவார்கள். அவர்கள் ப்ரூஹா. ஸ்பானிய மொழியில் கடைசி எழுத்திலேயே பால் தெரிந்துவிடும். யாட்ரியல் திருநம்பி. ஆண்களுக்கான சடங்கை அவனுக்குச் செய்ய வீட்டார் தயாராக இல்லை. அவனே ரகசியமாகச் செய்கிறான். மரணத் தேவதை அவனை ஏற்றுக்கொள்கிறாள்.

அந்த இடத்தில் எனக்குக் கைதட்டத் தோன்றியது. பிறகுதான் இடித்தது. தேவதை மறுத்திருந்தால்? அவன் ஆண் இல்லை என்று ஆகியிருக்குமா?

பதில் நாவலுக்குள்ளேயே இருக்கிறது. யாட்ரியலின் ஒன்றுவிட்ட சகோதரி மரீட்சா. காயம் ஆற்ற விலங்கின் ரத்தம் வேண்டும். அவள் விலங்குப் பொருள் எதையும் தொடாதவள். அதனால் அந்தச் சக்தியைப் பயன்படுத்துவதே இல்லை. வீட்டார் முணுமுணுப்பார்கள், ஆனால் 'நீ பெண்தானா?' என்று யாரும் கேட்பதில்லை. சான்று ஒருவனிடம் மட்டுமே கேட்கப்படுகிறது. அப்படியென்றால் அது சோதனை இல்லை, சந்தேகம். எங்கள் தொழிலில் ஒரே ஒரு சில்லை மட்டும் பொறுக்கி எடுத்துச் சோதித்தால் அந்த முடிவைக் குப்பையில்தான் போடுவோம்.

இன்னொருத்தி ஃப்ளாக்கா. திருநங்கை. அவளிடம் மந்திரம் எதுவும் இல்லை. அவளுக்காகச் சாட்சி சொல்ல எந்தத் தேவதையும் வருவதில்லை. ஆனாலும் அவள் நண்பன் ஹூலியனுக்கு அவள் சொன்னதே போதும். யாட்ரியலிடமும் அவன் ஆதாரம் கேட்பதில்லை.

யாட்ரியலின் குடும்பமும் கடைசியில் அவனை ஏற்கிறது, ஆனால் அவன் உயிர்களைக் காப்பாற்றிய பிறகு. திருநர் என்றாலே கேலிப்பொருளாகவோ பிணமாகவோ வந்த கதைகளையே பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இப்படியொரு வெற்றி தேவை என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் எந்தச் சாகசமும் செய்யாத யாட்ரியலுக்கும் அந்த வீட்டில் இடம் உண்டா? மரியாதையைச் சம்பாதித்துத்தான் வாங்க வேண்டும் என்றால் அது மரியாதை இல்லை, கூலி.

இறுதியாண்டில் விடுதி அறைத்தோழி ஒருத்தி (அன்று நான் அவளைத் தோழன் என்றுதான் நினைத்திருந்தேன்) ஓர் இரவு தன்னைப் பற்றிச் சொன்னாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று: "எப்படிடா அவ்ளோ உறுதியா சொல்ற?"

அவள் பேச்சை மாற்றிவிட்டாள். அதன்பிறகு என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

கேள்வியில் நியாயம் இருப்பதாகத்தான் வெகுநாள் நினைத்திருந்தேன். அவளுக்கு முன்னாலேயே என் பதிலை அந்த 'டா' சொல்லிவிட்டது என்பது இப்போதுதான் தெரிகிறது.