எழுத்துப் பிழையும் ஏளனமும்

ஒருவர் எழுதியதில் பிழை கண்டால் அதைப் பலர் முன்னிலையில் திருத்துவது நன்மையை ஏவுதலில் சேருமா, ஏளனத்தில் சேருமா? இந்தக் கேள்வியை நம்மிடம் யாரும் கேட்கவில்லை. நாம் செய்த ஒரு காரியத்தால் நமக்கு நாமே கேட்டுக்கொள்ள நேர்ந்தது.

எமது மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் மௌத்துச் செய்தியை முதலில் தெரிவிப்பவர் ஒரு கடைக்காரர். அவர் எழுதினால் தொழுகை ‘தொலுகை’ ஆகும். அடக்கம் ‘அடகம்’ ஆகும். கொம்பும் துணைக்காலும் இடம் மாறிக் கிடக்கும். ஒருநாள் நாம், ஆலிம் என்ற தோரணையில், அவருடைய செய்தியைத் திருத்தி எழுதி, ‘தமிழுக்கும் சேர்த்து ஜனாஸா தொழவைக்க வேண்டும் போலிருக்கிறதே’ என்று ஒரு வரியையும் சேர்த்து அனுப்பினோம். பலர் சிரித்தார்கள். அதற்குப் பின் அவர் எழுதவேயில்லை.

இரண்டு மாதம் கழித்து, சிறு வயதில் நமக்கு நோன்புக் கஞ்சி ஊற்றித் தந்த ஒரு மூதாட்டி வஃபாத்தானார்கள். அன்று நாம் வெளியூரில் இல்லை. நாலு தெரு தள்ளித்தான் இருந்தோம். அடக்கம் முடிந்த பிறகே தெரிந்தது. ஜனாஸாத் தொழுகைக்கும் அடக்கத்திற்கும் உஹது மலை போன்ற நன்மை உண்டென்று எத்தனையோ ஜும்ஆவில் பேசிய நமக்கு அது கிடைக்கவில்லை.

‘தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?’ என்று கேட்கத்தான் அந்தக் கடைக்குப் போனோம். அவரோ தம் மகனைப் பற்றிச் சொன்னார். பையன் கணக்கில் கெட்டிக்காரன். வாசிப்பதும் எழுதுவதும் மட்டும் வரவில்லை. சோதித்தவர்கள் ‘டிஸ்லெக்ஸியா’ என்றார்களாம். “நானும் அப்படித்தான் ஹஜ்ரத். நான் படிச்ச காலத்துல அதுக்குப் பேரு மரமண்டை” என்றார். (இதை அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறோம்.)

இது புதிதாக வந்த நோயல்ல. ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் இந்தப் பெயரை இட்டார். 1896ல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கில மருத்துவர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவனுக்கு அறிவில் குறையில்லை, பார்வையில் குறையில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். சொல்லின் ஒலிகளைப் பிரித்து அவற்றை எழுத்தோடு இணைக்கும் வேலை மூளையில் எளிதாக நடவாமையே இதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவதுமுண்டு. நமது நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் கணக்கில் சேர்த்திருக்கிறது. சோம்பலும் அலட்சியமும் இதற்குக் காரணமல்ல. ஆனால், நாம் அவற்றைத்தான் காரணமாகச் சொல்லி வந்தோம்.

ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம், பரிகசிக்கப்படுவோர் மேலானவர்களாக இருக்கக்கூடும் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் கூறுவதை நாம் ஓதாமலில்லை. திக்கித் திணறிச் சிரமத்தோடு குர்ஆனை ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டென்று நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதாக அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸையும் மதரஸாவில் பாடமாகவே படித்தோம். இறைமறையை ஓதுவதிலேயே திணறலுக்கு இத்தனை மதிப்பென்றால், ஒரு மௌத்துச் செய்தியில் ழகரம் லகரமானதற்கு நாம் தண்டனை விதிக்க யார்?

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். பிலால் (ரலி) அவர்கள் பாங்கில் ‘ஷீனை’ ‘ஸீன்’ ஆக உச்சரித்தார்கள் என்றொரு கதையை மேடைகளில் சொல்வார்கள்; நாமும் சொல்லியிருக்கிறோம். அதற்கு ஆதாரமில்லை என்று ஹதீஸ் கலை மேதைகள் எழுதியிருக்கிறார்கள். மேற்சொன்ன ஹதீஸே நமக்குப் போதும்.

‘அப்படியானால் பிழையை விட்டுவிடுவதா? மொழி என்னாவது?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குர்ஆனில் பொருளை மாற்றும் பிழையைத் திருத்தாமல் விடக்கூடாது. ஆனால் அதைப் பக்கத்தில் அமர்த்தி, வாயிலிருந்து காதுக்குச் சொல்லித் தர வேண்டும். எழுதப் படிக்கக் கல்லாத உம்மி நபியின் நாவு வழியாகத்தான் மறையே நம்மிடம் வந்தது. எழுத்து வராத பிள்ளையை மக்தபில் பிரம்பால் அடிக்கும் உஸ்தாதுகள், அவன் காதால் கேட்டு மனனம் செய்கிறானா என்று ஒருமுறையாவது பார்த்ததுண்டா? கடிதத்திலும், மருந்தின் அளவோ கடன் தொகையோ தவறினால் உடனே திருத்தத்தான் வேண்டும். பொருள் விளங்கிவிட்ட பின் திருத்துவது யாருக்காக? அன்று நாம் திருத்தியது நமது இலக்கணத்தைக் காட்டத்தான், இதில் சந்தேகமில்லை.

கடன் பத்திரம் பற்றிய நீண்ட ஆயத்தில், எழுதத் தெரிந்தவன் மறுக்காமல் எழுதிக் கொடுக்கட்டும், அல்லாஹ்தான் அவனுக்குக் கற்றுத் தந்தான் என்று வருகிறது. எழுதத் தெரிந்தவன் மீது அங்கே ஒரு வேலை சுமத்தப்படுகிறது.

மன்னிப்புக் கேட்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஏளனம் பலர் முன்னிலையில் நடந்ததால் மன்னிப்பையும் அங்கேயே கேட்பதுதான் முறை. ஆனால் காரணத்தை விளக்கினால் அவருடைய குறை ஊருக்குத் தெரிந்துவிடும். அவரிடமே கேட்டோம். “என் விஷயம் வேணாம் ஹஜ்ரத், உங்க விஷயத்தை மட்டும் எழுதுங்க” என்றார். அப்படியே எழுதினோம். இப்போது அவர் செய்தியைப் பேசி அனுப்புகிறார். வேலை நேரத்தில் கேட்க முடியவில்லை என்று சிலர் குறைப்படுவதால், அதைக் கேட்டுக் கீழே எழுதிப் போடுவது நமது வேலையாகியிருக்கிறது.