இரண்டாவது சிறுநீரகம் யாருக்கு உரியது?



இருதயத்தைப் பற்றிப் பாடும் நாம் சிறுநீரகத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. எபிரேயரோ இரண்டையும் சேர்த்தே பேசினர். எரேமியா ஆகமத்தில் இறைவன் சோதித்தறிவது இருதயத்தையும் சிறுநீரகத்தையுமே. தமிழில் அது உள்ளம், உள்ளுணர்வு என்றெல்லாம் மாறிவிட்டது.

முதுகெலும்பின் இருமருங்கிலும், கடைசி விலா எலும்புகளின் மறைவில் இவை அமைந்துள்ளன. அவரை வித்தின் வடிவம்; கைமுட்டியின் அளவு; ஒவ்வொன்றும் சுமார் 150 கிராம் நிறை. மேலே ஈரல் இருப்பதால் வலது சிறுநீரகம் சற்றுத் தாழ்ந்திருக்கும். வெளிப்புறம் மேற்பட்டை, அதனுள் கூம்பு கூம்பாக மையவிழையம், நடுவே சிறுநீர் சேர்ந்து வழியும் குழி. ஒவ்வொன்றிலும் சிறுநீரகத்திகள் எனப்படும் நுண்ணிய வடிகள் ஏறக்குறைய 10 இலட்சம். நாளொன்றுக்கு 180 லீற்றர் வரை வடித்து, ஒன்றரை லீற்றரை மட்டும் சிறுநீராக வெளியேற்றி, மிகுதியை இரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. ஒன்றை அகற்றினால் மற்றது பருத்து, அதன் வேலையிலும் பெரும் பங்கை ஏற்றுக்கொள்ளும்.

அப்படியாயின், இரண்டாவது உபரிதானோ?

1954 டிசம்பர் 23இல் பொஸ்ரன் நகரில் வைத்தியர் ஜோசப் மரே, இரட்டைச் சகோதரரில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார். பெற்றவர் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கொடுத்தவர் ஒற்றைச் சிறுநீரகத்தோடு 2010 வரை வாழ்ந்தார். மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் அக்கால ஒழுக்கவியல் அறிஞர்கள் திகைத்தனர். முழு உடலையும் காக்கவே ஓர் உறுப்பை வெட்டலாம் என்பதே அவர்கள் கற்ற நியதி. இங்கோ நலமுள்ள உடலில், பிறர் பொருட்டுக் கத்தி வைக்கப்பட்டது! உறுப்பு குறைந்தாலும் உடலின் செயற்பாடு குறையாதிருந்தால், அன்பின் பொருட்டுக் கொடுக்கலாம் என்று பின்னர் பலர் தெளிந்தனர்.

கொடுக்கலாம் என்பது வேறு. கேட்டு வாங்க உரிமையுண்டு என்பது வேறு. கை முழுவதும் உடலுக்காகவே இருக்கின்றது. மனிதன் அவ்விதம் சமூகத்துக்காக இருப்பவனல்லன் என்பதைப் பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் 1952இல் வலியுறுத்தினார். இது அரசுகளுக்குச் சொல்லப்பட்டதாக நாம் எண்ணலாம். குடும்பத்துக்கும் பொருந்தும் என்பேன்.

உறுப்பு வியாபாரம் தவறென்பதில் தயக்கமில்லை. பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பர் 2000இல் அதனை வெளிப்படையாகக் கண்டித்தார். ஆனால் பணம் கைமாறாத வீட்டிலும் நிர்ப்பந்தம் இருக்கலாமன்றோ? அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதானால் எல்லாருடைய கண்களும் யார்மேல் திரும்புகின்றன? பெரும்பாலும் மணமாகாத தங்கைமேல். “உனக்கென்ன, பிள்ளை குட்டியா?” என்று ஒருவர் சொல்லிவிட்டாலே போதும். அதன்பின் அவள் சம்மதித்தால் அதைத் தியாகம் என்று புகழ்வோம். மறுத்தால் கல்நெஞ்சி என்போம். மறுக்க வழியில்லாதவள் கொடுப்பது கொடையாகாது.

நல்ல வைத்தியர்கள் இதை அறிவர். கொடுப்பவரைத் தனியே அழைத்துப் பேசுவர். அவர் மனமில்லை என்றால், காரணம் கூறாது, “இவர் பொருத்தமானவர் அல்லர்” என்று மட்டும் வீட்டாரிடம் சொல்லிவிடுவதுண்டு. அது பொய்யல்லவா என்று நீங்கள் கேட்கலாம். பொய்யென்று நான் கருதவில்லை. மனமில்லாதவர் கொடைக்குப் பொருத்தமானவர் அல்லர். வைத்தியர் சொன்னது அவ்வளவே. மீதியைக் கேட்டறிய வீட்டாருக்கு உரிமையில்லை, அது தாயே ஆனாலும்.