தட்டு போகிற வழி

தேயிலைத் தோட்டத்து லயத்தில் தீபாவளிக்கு யாரும் யாரையும் விருந்துக்கு அழைப்பதில்லை. அழைத்தால் உட்காரவைக்க இடம் எங்கே? பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா ஒன்று, முன்னால் ஓர் இஸ்தோப்பு, அதற்குள் அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளின் புத்தகங்களும். தொழிலாளியைத் தங்கவைப்பதற்காகத்தான் வெள்ளைக்காரன் லயம் கட்டினான். அந்தத் தொழிலாளிக்கும் உறவுமுறை உண்டு, பண்டிகை நாளில் ஆள் வரும் போகும் என்ற நினைப்பு அந்தக் கட்டடத்தில் எந்த மூலையிலும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் விருந்து வீடுவீடாக நடந்து போக ஒரு வழியை எங்கள் பெண்கள் உண்டாக்கினார்கள். அதுதான் பலகாரத் தட்டு.

எங்கள் பட்டிப்பொலயில் பலகாரம் சுடுவது சாதாரண வேலை அல்ல. இலங்கையிலேயே உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம் இங்கேதான், 1,891 மீட்டர். ஐப்பசியில் மழையும் மூட்டமும் மாறிமாறி இறங்கும். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே போனால் உறைந்துவிடும் என்பதால் இங்கே போத்தலுக்குள் வெள்ளைக் கட்டியாகவே நிற்கும். அடுப்படியில் சாய்த்து வைத்து உருக்கித்தான் சட்டியில் ஊற்றவேண்டும். இட்லிக்கு ஆட்டிய மாவு புளிக்காது. கம்பளியால் சுற்றி, தணல் அவியாத அடுப்புக்குப் பக்கத்தில் இரவெல்லாம் வைத்திருப்பார் அம்மா. மழைக்காலத்தில் அவர் கொழுந்து பறிக்கப் போர்த்திப் போன பழைய கம்பளி அது. கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர் இந்த உயரத்தில் 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. ஆகவே பருப்பு வேக விறகும் கூட, நேரமும் கூட. இதையெல்லாம் பகலில் மலைக்குப் போய்க் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த பெண்கள், ராத்திரியில் செய்தார்கள்.

தீபாவளிக்கு முதல் வாரம் லயம் முழுக்கச் சுண்ணாம்பு வாசனை. விறகுப் புகை படிந்து கறுத்த சுவரைத் தேய்த்து வெள்ளையடிப்பார்கள். வாசலில் டேலியா பூத்திருக்கும். ஈரத்தில் கோலமாவு நிற்காது, ஆனாலும் போடுவார்கள். அலங்காரம் என்று சொல்ல அவ்வளவுதான். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

தட்டுக்கு வருகிறேன். முறுக்கு, அதிரசம், பயத்தம் உருண்டை, வடை. நாலும் இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை, இருக்கிறதை வைப்பார்கள். மேலே ஒரு சுத்தமான துணி. அதிகாலையில் எண்ணெய் வைத்துக் குளித்து, சாமி கும்பிட்டு, இருட்டு விலகியதும் பிள்ளைகள் தட்டோடு கிளம்புவோம். முதலில் லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராப் பாட்டி. பிறகு பணிய லயம், மேட்டு லயம், கடை முதலாளி, ரயில் நிலையத்தில் வேலை செய்யும் சிங்களக் குடும்பங்கள். சித்திரையில் அவர்கள் வீட்டுக் கொக்கிஸும் கெவுமும் பாற்சோறும் இதே பாதையில் எங்களிடம் வரும். 1977இலும் 1983இலும் இனக்கலவரங்களில் மலைநாட்டில் தமிழர் குடியிருப்புகள் எரிந்ததைக் கண்ட பெரியவர்கள்தான் இந்தப் போக்குவரத்தை விடாமல் வைத்திருந்தார்கள். அதை நினைக்கும்போது அவர்கள் மேல் எனக்கு மரியாதை கூடுகிறது.

தட்டு திரும்பி வரும்போது வெறுமையாக வரக்கூடாது. பலகாரம் செய்தவர்கள் பலகாரம் வைப்பார்கள், செய்ய முடியாதவர்கள் ஒரு பிடி சீனி வைப்பார்கள். அம்மா அதைப் பார்க்காமலேயே டப்பாவில் கொட்டிக்கொள்வார். எந்த வீட்டிலிருந்து என்ன வந்தது என்று நாங்கள் கேட்டால், "வந்துச்சில்ல, அது போதும்" என்பார். மரியாதை என்று நான் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி அந்த ஒரு பேச்சுக்குள் அடங்கும்.

ஒரு வீட்டுக்கு மட்டும் எங்களை அனுப்பமாட்டார். அந்த வருடம் சாவு விழுந்த வீடு. அங்கே ஒரு வருடத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கமாட்டார்கள், பண்டிகை இல்லை. சுற்றியிருப்பவர்கள்தான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். எல்லா வீடும் முடிந்த பிறகு, கடைசியாக, அம்மா தானே எடுத்துப் போவார். முதலில் போனால் அடுத்த வீட்டுக்கு அவசரப்படவேண்டியிருக்கும், கடைசியில் போனால் உட்காரலாம் என்பது அவர் கணக்கு. கணவனை இழந்த ஒரு சின்னம்மா வீட்டுக்கு நானும் கூடப் போனேன். தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சின்னம்மா பேசாமல் இருந்தார். "எடுத்துக்க புள்ள" என்றார் அம்மா. "தனியா எறங்காதுக்கா, நீங்களும் ஒண்ணு எடுங்க." இருவரும் இஸ்தோப்பில் உட்கார்ந்து ஆளுக்கொரு முறுக்கைக் கடித்தார்கள். உள்ளே தேத்தண்ணி கொதித்தது. அந்த வருடத்தில் அந்த வீட்டுக்கு நடந்த தீபாவளி அதுதான். எங்கள் லயத்தில் வேறு எந்த வீட்டுக்கும் அதைவிட நல்ல தீபாவளி நடக்கவில்லை என்றே எனக்குப் படுகிறது.

ஒரு பண்டிகை நன்றாக நடந்ததா என்பதை, கொண்டாட முடியாத வீட்டில் நின்று பார்த்துத்தான் சொல்லவேண்டும் என்பது என் முடிவு. அந்த இடத்தில் நின்று பார்க்கும்போது இப்போது நடப்பது எனக்குக் கவலை தருகிறது.

தீபாவளிக்கு முன் தோட்டத்தில் பண்டிகை அட்வான்ஸ் கொடுப்பார்கள். அது இனாம் இல்லை, கடன். பண்டிகை முடிந்து மாதக்கணக்கில் சம்பளத்தில் வெட்டுப்படும். 2021இல் 1,000 ரூபாயாகவும் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாயாகவும் ஆக்கப்பட்ட நாட்சம்பளம் அது. அதுவும் சொன்ன கிலோ கொழுந்து பறித்தால்தான் முழுப்பேர், அதாவது முழுநாட் சம்பளம். அந்தக் காசு எங்கே போகிறது? பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுப்பதை நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். ஆனால் கொழும்பிலிருந்து வரும் மச்சான்மாரைப் போத்தல் இல்லாமல் உபசரித்தால் மரியாதைக் குறைவு என்று ஒரு பழக்கம் ஊன்றிவிட்டது. பெண் பறித்த கொழுந்தின் காசில் ஆண்கள் சாராயம் வாங்கி ஆண்களுக்கு ஊற்றுவது உபசாரம் ஆகாது. குழந்தைகள் பயந்து காம்பராவின் மூலையில் ஒதுங்குகிற வீட்டில் பண்டிகை முடிந்துபோனது என்றுதான் அர்த்தம். இதை மென்மையாகச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

தட்டிலும் போட்டி வந்துவிட்டது. கடையில் வாங்கிய பெட்டி கேக், மினுங்கும் தாள் சுற்றிய பிஸ்கட் டின். அவர்கள் டின் கொடுத்தால் நாமும் டின் கொடுக்கவேண்டும், முடியாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இல்லாததுபோல இருக்கிறார்கள். ஒரு பிடி சீனிக்கு இருந்த இடம் அங்கேதான் பறிபோகிறது.

லயங்களுக்குப் பதிலாகக் காணித் துண்டுகளில் தனி வீடுகள் வருகின்றன. வரட்டும், இன்னும் வேகமாக வரட்டும். இரண்டு நூற்றாண்டு உழைத்த மக்களுக்குச் சொந்தக் கதவும் சொந்தச் சமையலறையும் கிடைக்க ஏன் இவ்வளவு காலம் என்பதே என் கேள்வி. லயத்து நெருக்கடியை அன்பு என்று புகழ்பவர்கள் அதில் ஒரு மழைக்காலம் குடியிருந்து பார்க்கவேண்டும். ஆனால் புது வீட்டில் மூன்று நாற்காலி போட்டு விருந்தாளியை உட்காரவைக்க முடிகிறது என்பதற்காகத் தட்டை நிறுத்திவிடக்கூடாது. நாற்காலிக்கு வருகிறவர்கள் வர முடிந்தவர்கள். முழங்கால் வலியோடு தொங்கல் காம்பராவில் இருக்கும் பாட்டி வரமாட்டார். மகள் குவைத்தில், மகன் கொழும்பில் கடை வேலையில். தீபாவளியன்று அவருக்கு வருவது பெரும்பாலும் ஒரு கைபேசி அழைப்பு மட்டும்.

ஆகவே மலையகத்துப் பிள்ளைகளே, ஊருக்கு வரும்போது பெட்டி கேக் வேண்டாம். ஒரு நாள் முன்னதாக வாருங்கள். அம்மாவுக்கு மாவு இடித்துக் கொடுங்கள், எண்ணெயை உருக்கிக் கொடுங்கள், முறுக்கு உரலை நீங்கள் பிழியுங்கள், ஆண்பிள்ளைகளும்தான். அட்வான்ஸைத் தேவைக்கு மேல் எடுக்கவேண்டாம் என்று வீட்டில் பேசுங்கள். விடிந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு நீங்களே போங்கள். சாவு விழுந்த வீட்டுக்குக் கடைசியாகப் போங்கள், போனால் உட்காருங்கள்.